மெமோ இல்லாத ஒரு மணி நேரம்: செவிலியர் குழுமத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் தலைவர், பதிவாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அரசுப் பணியில் ஸ்டாப் நர்ஸாகச் சேர்ந்து, தலைமைச் செவிலியராகி, கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றவள் நான். கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிவைப் புதுப்பிக்க ஐந்தாண்டுக்கு 150 மணி நேரத் தொடர் கல்வி வேண்டும் என்று இந்திய செவிலியர் குழுமம் வகுத்திருக்கிறது. அந்த 150 மணி நேரத்தில் ஒரு பங்கை, செவிலியர்கள் தாங்கள் செய்த பணியைத் தாங்களே திரும்பிப் பார்த்துப் பேசுவதற்கு ஒதுக்குங்கள். அந்த நேரம் டூட்டிக்குள் வரட்டும். அங்கே பேசுவதும் எழுதுவதும் எந்த ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பிலும் சேராது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். இவ்வளவுதான். இனி வருவது இதை ஏன் கேட்கிறேன் என்பதற்கான விளக்கம்.

இப்போது அந்த மணி நேரங்கள் எப்படிச் சேர்கின்றன என்பது உங்களுக்குத் தெரியாதது அல்ல. குத்துவிளக்கு, வரவேற்புரை, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, கணினித் திரையில் எழுபது படங்கள், நடுவில் சாம்பார் சாதமும் தயிர் சாதமும், மூன்றரை மணிக்குச் சான்றிதழ். நைட் டூட்டி முடித்து நேரே வந்த பிள்ளைகள் பின்வரிசையில் கண் அயர்வதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. கருத்தரங்குகளே வேண்டாம் என்று சொல்லவில்லை. புதிய மருந்து, புதிய கருவி, புதிய நெறிமுறை வரும்போது யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் வார்டில் நடக்கும் பெரும்பாலான பிழைகள் தெரியாததால் நடப்பவை அல்ல. தெரிந்தது அந்த நேரத்தில் கண்ணில் படாததால் நடப்பவை. அதற்குக் கருத்தரங்கில் மருந்து கிடையாது.

எந்த மாவட்டத்திலும் நடக்கக்கூடிய ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். சுகப்பிரசவம் ஆகி இரண்டு மணி நேரமான ஓர் இளம் தாய், தாகமாக இருக்கிறது என்கிறாள். தண்ணீர் கொடுக்கிறார்கள். படபடப்பாக இருக்கிறது என்கிறாள். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, பயப்படாதே என்கிறார்கள். ரத்த அழுத்தம் 110/70, நாடித்துடிப்பு 118. இரண்டும் கேஸ் ஷீட்டில் அழகான கையெழுத்தில் பதிவாகியிருக்கின்றன. அரை மணி நேரம் கழித்து அழுத்தம் சரிகிறது. அதன்பின் ஓட்டம்தான்: கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின், இரண்டாவது நரம்பில் ஊசி, கருப்பையை அழுத்திப் பிசைதல், ரத்த வங்கிக்கு ஆள், பணி மருத்துவருக்கு மூன்றாவது அழைப்பு. தாய் பிழைத்துக்கொள்கிறாள். காலையில் அடுத்த ஷிப்டிடம் ஓவர் கொடுக்கும்போது, பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு, கட்டுப்பட்டுவிட்டது, இரண்டாவது யூனிட் போகிறது என்று ஒரு வரி. செவிலியர் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுகிறார்.

அந்த இரவில் அவருக்குக் கற்றுக்கொள்ள என்ன இருந்தது? இளம் பெண்ணின் உடல் ரத்த அழுத்தத்தை நெடுநேரம் தாக்குப்பிடித்து வைத்திருக்கும், நாடிதான் முதலில் ஏறும், நாடித்துடிப்பை மேல் அழுத்தத்தால் வகுத்து 0.9-ஐத் தாண்டினால் எச்சரிக்கை என்பது அவர் படித்ததுதான். 118-ஐ 110-ஆல் வகுத்தால் ஒன்றுக்கும் மேல். தேர்வில் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பார். பிறகு ஏன் கண்ணில் படவில்லை? அட்டவணையை நிரப்புவது ஒரு வேலையாகவும் படிப்பது வேறொருவர் வேலையாகவும் அந்த வார்டில் பிரிந்து போயிருக்கலாம். பிரசவ வலியில் அந்தப் பெண் ஓயாமல் கத்தியதால், பயந்த சுபாவம் என்று அவளுக்கு ஒரு முத்திரை விழுந்திருக்கலாம். ரத்தம் அடியில் விரித்த துணியில் ஊறிக் கண்ணுக்குக் குறைவாகத் தெரிந்திருக்கலாம். கண்ணால் மதிப்பிட்டால் ரத்தப்போக்கு எப்போதும் குறைத்தே தெரியும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மூன்று காரணங்களுக்கும் மூன்று வெவ்வேறு பரிகாரம். எது காரணம் என்று அந்த வார்டில் அன்றிரவு நின்றவர் மட்டுமே சொல்ல முடியும். அவரிடம் யாரும் கேட்பதில்லை. தாய் இறந்திருந்தால் கேட்டிருப்பார்கள், ஆனால் வேறு குரலில்.

இப்படித் திரும்பி நின்று பார்ப்பதைத்தான் மீள்நோக்கு என்கிறேன். உலகம் முழுவதும் செவிலியர் கல்வியில் நெடுநாளாகப் பேசப்படுவது. டொனால்டு ஷான் என்ற அமெரிக்க அறிஞர் 1983-ல், தொழில் தெரிந்தவர்கள் வேலையின் நடுவிலேயே யோசித்துத் திருத்திக்கொள்வதையும், முடிந்தபின் யோசிப்பதையும் பிரித்துக் காட்டினார். கல்வியாளர் கிரகாம் கிப்ஸ் 1988-ல் அதை ஆறு படிகள் கொண்ட வட்டமாக்கினார். இன்று செவிலியர் மாணவர்கள் மனப்பாடம் செய்வது அந்த வட்டத்தைத்தான். எனக்கு அதைவிட, டெரி போர்ட்டன் 1970-ல் பள்ளிக் கல்விக்காகச் சொன்ன மூன்று கேள்விகள் பிடிக்கும். என்ன நடந்தது? அதனால் என்ன? இனி என்ன? வார்டில் நின்றுகொண்டே கேட்கலாம், படம் வரைய வேண்டியதில்லை.

இதனால் இத்தனை உயிர் பிழைத்தது என்று நேரடியாகக் கணக்குக் காட்டும் வலுவான ஆய்வுகள் குறைவு. இதை மறைத்துவிட்டு உங்களிடம் கேட்க எனக்கு மனமில்லை. ஆனால் குத்துவிளக்குக் கருத்தரங்குக்கும் அப்படிக் கணக்கு இல்லை. அதை நாம் கட்டாயமாகவே வைத்திருக்கிறோம்.

தவறுகளைப் பற்றி மட்டும் பேசினால் விஷயம் பாதியில் நின்றுவிடும். லண்டனில் ஒரு பயிற்சி மருத்துவமனையில், செவிலியர் மாணவிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் படிப்பை முடிக்காமலே போய்க்கொண்டிருந்த காலத்தில், இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் அங்கே சென்று ஆராய்ந்து 1960-ல் எழுதினார். நோயாளியைப் பெயர் சொல்லாமல் படுக்கை எண்ணாலும் உறுப்பாலும் குறிப்பது, ஒரே நோயாளியின் பராமரிப்பைத் துண்டு துண்டாக்கிப் பலருக்குப் பங்கிடுவது, ஒன்றுக்கு மூன்று முறை சரிபார்ப்பது, உணர்ச்சியைக் காட்டாதவரே நல்ல செவிலியர் என்பது, இவையெல்லாம் துன்பத்தின் அருகில் நிற்பதால் வரும் பதற்றத்தை அண்டவிடாமல் இருக்க அந்த மருத்துவமனை தனக்குத் தானே கட்டிக்கொண்ட வேலிகள் என்றார். வேலி பதற்றத்தைத் தடுக்கவில்லை, பணியில் கிடைக்கும் நிறைவைத்தான் தடுத்தது. பத்தாம் படுக்கைக் கல்லீரல் என்று அங்கே சொன்னார்கள். ஆறாம் நம்பர் சிசேரியன் என்று நாம் சொல்கிறோம்.

பாய்சன் கேஸ் என்றும் சொல்கிறோம். களைக்கொல்லி குடித்துவிட்டு வரும் இளைஞனை நம் வார்டுகளில் எப்படி வரவேற்கிறோம் என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெற்றவர்களை நினைத்தாயா, உனக்கெல்லாம் எதற்கு மருந்து என்று வயிற்றைக் கழுவும்போதே திட்டு விழும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், வழக்கோ தண்டனையோ கூடாது என்கிறது. சட்டம் மன்னித்தாலும் வார்டு மன்னிப்பதில்லை. அந்த இளைஞன் குடித்தது பாராகுவாட் என்ற களைக்கொல்லி என்றால் நிலைமை இன்னும் கொடுமை. அதற்கு மாற்று மருந்து கிடையாது. முதல் ஓரிரு நாள் அவன் எழுந்து நடப்பான், தெளிவாகப் பேசுவான், எப்போது வீட்டுக்கு விடுவீர்கள் அக்கா என்று கேட்பான். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டிருப்பது செவிலியருக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. முதல் நாள் திட்டிய அதே பெண்தான் ஆறாம் நாள் அவன் மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அந்தத் திட்டு எங்கிருந்து வருகிறது? கல்நெஞ்சிலிருந்து வருவதாக எனக்குத் தோன்றவில்லை. காப்பாற்ற முடியாத ஒருவரைப் பார்க்கும் இயலாமையும், அவனுடைய தாயின் அழுகையைப் பக்கத்தில் நின்று கேட்க வேண்டிய வேதனையும் கோபமாக வெளியே வருகின்றன. இதை ஒரு முறை உட்கார்ந்து பேசிய செவிலியர் அடுத்த பாராகுவாட் நோயாளியிடம் வேறு மாதிரி நடந்துகொள்வார் என்று நான் நம்புகிறேன், சிலரிடம் பார்த்தும் இருக்கிறேன். பேச இடமில்லாதவர் அடுத்தவனையும் திட்டுவார், அல்லது எதுவும் உணராதவராக மாறிவிடுவார். இரண்டாவதுதான் மோசம். திட்டுகிறவரிடம் இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது.

இந்தப் பேச்சுக்கென்றே ஓர் ஏற்பாடு வெளிநாட்டில் உண்டு. கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற பாஸ்டன் வழக்கறிஞர் நுரையீரல் புற்றுநோயால் 1995-ல் இறந்தார். தன்னைப் பார்த்துக்கொண்டவர்களின் கனிவு தனக்கு எவ்வளவு பெரிய ஆதரவு என்று உணர்ந்தவர் அவர். அவர் பெயரால் தொடங்கிய அமர்வுகளில் மருத்துவர், செவிலியர், துப்புரவுப் பணியாளர் என எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரு நோயாளியைப் பார்த்துக்கொண்டது தங்களை என்ன செய்தது என்று பேசுகிறார்கள். தீர்வு தேடுவதில்லை, தீர்மானம் போடுவதில்லை. 2009 முதல் பிரிட்டனிலும் நடக்கிறது. நம் ஊரில் தீர்மானம் போடாத கூட்டமா என்று சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு யோசியுங்கள்.

இனி மெமோவுக்கு வருகிறேன். உண்மையில் இந்த மடலே அதற்காகத்தான்.

நடந்ததைத் திரும்பிப் பார்ப்பது தமிழ்நாட்டு அரசு மருத்துவத்துக்குப் புதிதல்ல. ஒவ்வொரு தாயின் மரணத்தையும் பதிவு செய்து ஆராயும் முறையை நாட்டிலேயே முன்னோடியாக 1990-களிலேயே தொடங்கிய மாநிலம் இது. 2001-03-ல் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 134 ஆக இருந்த தாய் இறப்பு விகிதம் 2018-20-ல் 54 ஆகக் குறைந்தது. அந்த இறக்கத்தில் இந்த ஆய்வுகளுக்கும் பங்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ரத்தம் கிடைக்காத இடம் எது, ஆம்புலன்ஸ் தாமதமான சாலை எது என்பதெல்லாம் அந்த மேசைகளில்தான் வெளிச்சத்துக்கு வந்தன. ஆனால் அந்தக் கூட்டங்களில் நின்ற செவிலியரைக் கேளுங்கள். அவர் போவது விசாரணைக்குப் போவது போலத்தான். மேலிருந்து கீழே கேள்வி வரும், கடைசியில் மிகச் சிறிய பதவியில் இருப்பவரிடம் வந்து நிற்கும். அதனால் கூட்டத்துக்கு முந்தைய இரவு கேஸ் ஷீட்டுகள் நேராக்கப்படும். நேராக்கப்பட்ட கேஸ் ஷீட்டிலிருந்து யாரும் எதையும் கற்க முடியாது.

மெமோ, விளக்கம், 17-ஏ, 17-பி. தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் சிறு தண்டனைக்கும் பெருந்தண்டனைக்குமான இந்த இரண்டு உட்பிரிவுகளை, ஊசி போடத் தெரியாத முதல் வருட மாணவிகூடக் கேள்விப்பட்டிருப்பாள். மெமோ எழுதும் நாற்காலியிலும் நான் இருந்திருக்கிறேன், வாங்கும் பக்கத்திலும் நின்றிருக்கிறேன். மெமோவுக்குப் பதில் எழுதுவதென்பது ஒரு தனிக் கலை. மேற்படி நாளில், மேற்படி நேரத்தில், எனது கவனத்துக்குக் கொண்டுவரப்படாத நிலையில் என்று தொடங்கும். எழுதுபவர் உண்மையை நெருங்காமல் அதைச் சுற்றி நடந்து முடிப்பார். இப்படி எழுதிப் பழகிய கையிடம், அதே காகிதத்தில் உன் மனத்தில் பட்டதை எழுது என்றால் எழுதுமா?

ஒப்பந்தச் செவிலியர்களின் நிலை இன்னும் இறுக்கம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக 2015-ல் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்ககம் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியது நினைவிருக்கும். வேலை நிரந்தரமா என்று தெரியாதவரிடம், நீ எங்கே தடுமாறினாய் என்று எழுதிக் கொடு என்பது நியாயமான கேள்வியே அல்ல. அதனால்தான் பாதுகாப்பு முதலில், எழுத்து பிறகு என்கிறேன்.

பிரிட்டன் இதை எப்படிக் கையாள்கிறது என்பது நமக்குப் பயன்படும். இங்கே படித்துவிட்டு அங்கே போன நம் பிள்ளைகள் அதன்படிதான் பதிவைப் புதுப்பிக்கிறார்கள். 2016 ஏப்ரல் முதல் அங்கே மூன்றாண்டுக்கு ஒருமுறை 450 மணி நேரப் பணி, 35 மணி நேரக் கல்வி, ஐந்து பின்னூட்டங்கள், ஐந்து மீள்நோக்குக் குறிப்புகள், அவற்றைப் பற்றி இன்னொரு பதிவு பெற்ற செவிலியரோடு ஒரு கலந்துரையாடல் ஆகியவை வேண்டும். கவனிக்க வேண்டியது எண்ணிக்கையை அல்ல. அந்தக் குறிப்புகளில் நோயாளியை அடையாளம் காட்டும் எதுவும் இருக்கக் கூடாது. குறிப்புகள் செவிலியர் கையிலேயே இருக்கும், குழுமம் வாங்கிக் கோப்பில் வைப்பதில்லை. பேசினார் என்பதற்கான சாட்சியம் மட்டும் போதும்.

அங்கேயும் பயம் வந்தது. லெஸ்டர் மருத்துவமனையில் 2011-ல் ஆறு வயதுச் சிறுவன் இறந்த வழக்கில் ஒரு பயிற்சி மருத்துவரும் ஒரு செவிலியரும் தண்டிக்கப்பட்டார்கள். மருத்துவர் எழுதிய மீள்நோக்குக் குறிப்பே அவருக்கு எதிராகத் திரும்பியது என்ற பேச்சு பரவியது. நடுவர் குழுவின் முன் அந்தக் குறிப்பு வைக்கப்படவில்லை என்று பின்னர் தெளிவுபடுத்தினார்கள். ஆனாலும் பலர் எழுதவே தயங்கினார்கள். அரசு அமைத்த வில்லியம்ஸ் குழு 2018 ஜூனில், விசாரணையின்போது இத்தகைய குறிப்புகளைக் கேட்டுப் பெறும் அதிகாரம் ஒழுங்குமுறை அமைப்புகளுக்கு இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. அங்கே பிரச்சினை வந்தபின் சொன்னதை நாம் தொடங்கும்போதே சொல்லிவிடலாம்.

இது தவறு செய்தவருக்கு ஒளிந்துகொள்ள இடம் தருவதாகாதா என்று உங்களில் ஒருவராவது கேட்பீர்கள். ஆகாது. சம்பவ அறிக்கை வேறு, இது வேறு. மருந்து மாறிப் போனால் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும், அறிக்கை எழுத வேண்டும், குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதில் சலுகை கிடையாது. வேண்டுமென்றே கைவிட்டவரை, பொய் எழுதியவரை விசாரியுங்கள், நானே வந்து சாட்சி சொல்கிறேன். நீதிமன்றம் கேட்டால் எந்தக் காகிதமும் தப்பாது என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் பெயர், தேதி, படுக்கை எண், ஊர் எதுவும் எழுதக் கூடாது என்கிறேன். என்ன நடந்தது என்பதற்குக் கேஸ் ஷீட் இருக்கிறது. நான் என்ன கற்றேன் என்பதற்குத்தான் இது.

இதற்கு நேர் எதிரான ஆபத்தைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். பயிற்சி மருத்துவமனைகளில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனைகளில் ஐந்துக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் குழுமத்தின் அளவுகோல். இரவு வார்டில் தனியாக நின்றவருக்கு அந்த அளவுகோல் எந்தப் பீரோவில் இருக்கிறது என்று தெரியும். நாற்பது படுக்கைகளை ஒருவர் பார்த்த இரவில் ஒரு பிழை நேர்ந்தால், நீ வேறு எப்படிச் செய்திருக்கலாம் என்று அவரை எழுதச் சொல்வது குரூரம். நிர்வாகத்தின் குறையைச் செவிலியரின் மனச்சாட்சியில் இறக்கிவைக்கும் கருவியாக மீள்நோக்கு மாறினால், அதை எதிர்த்து முதல் மடலை நானே எழுதுவேன். ஆகவே அந்த அமர்வுகளில் ஆள் போதவில்லை, இரண்டு மருந்துக் குப்பிகள் ஒரே மாதிரி இருக்கின்றன, மருந்து ஏற்றும்போது ஐந்து பேர் வந்து கூப்பிடுகிறார்கள் என்று வெளிப்படும் விஷயங்களைப் பெயரில்லாமல் தொகுத்து மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு அனுப்ப வேண்டும். அவர் எழுத்தில் பதில் தர வேண்டும். பதில் தராதவருக்கு மெமோ கொடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

நேரம் எங்கே என்பீர்கள். மாதத்துக்கு ஒரு மணி நேரம்தான் கேட்கிறேன். காலை, மதிய ஷிப்டுகள் சந்திக்கும் வேளையில் எல்லா வார்டிலும் இரண்டு அணிகள் சற்று நேரம் ஒன்றாக இருக்கின்றன. ஒவ்வொரு வாரமும் ஒரு வார்டு என்று முறை வைத்தால் பராமரிப்பு கெடாமல் செய்யலாம். டூட்டி முடிந்தபின் உட்காருங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வர வேண்டியவர் மீள்நோக்க மாட்டார், கடிகாரத்தை நோக்குவார்.

கிராம சுகாதாரச் செவிலியரை இந்தக் கணக்கில் விட்டுவிடாதீர்கள். சமவெளியில் ஐயாயிரம் மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற விதிப்படி ஊரில் தனியாக இருப்பவர் அவர். அவருக்கு வார்டு இல்லை, ஓவர் எடுக்க ஆளில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடக்கும் மாதக் கூட்டங்களில் அவர் பேசுவது எண்களைப் பற்றித்தான்: எத்தனை கர்ப்பிணிகள் பதிவு, எத்தனை தடுப்பூசி, கணினியில் ஏற்றாத பதிவுகள் எத்தனை. ஆறு முறை வீட்டுக்குப் போயும் மருத்துவமனைக்கு வர மறுத்த ஒரு பெண்ணைப் பற்றி, அவள் மாமியார் வாசலிலேயே நிறுத்திப் பேசியதைப் பற்றி, அந்த எண்களில் எந்தக் கட்டத்திலும் இடமில்லை. கூட்டத்தின் கடைசி அரை மணி நேரத்தைப் பதிவேடுகளை மூடிவைத்துவிட்டு அவர்களிடம் கொடுத்தால் போதும்.

பேச்சை நடத்துபவர் அந்த வார்டின் மேலதிகாரியாக இருக்கக் கூடாது. வேறு வார்டிலிருந்தோ பக்கத்து மருத்துவமனையிலிருந்தோ மூத்த செவிலியர் வரலாம். செவிலியர் கல்லூரி ஆசிரியைகள் வரலாம், அவர்களும் கொஞ்சம் வார்டைப் பார்த்த மாதிரி இருக்கும்.

பேசுவதும் எழுதுவதும் தமிழில் இருக்கட்டும். நம் பதிவேடுகள் ஆங்கிலத்தில் இருப்பதில் காரணம் இருக்கிறது, அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஒரு செவிலியர் பயந்தது தமிழில்தான். அதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் இலக்கணப் பிழையைத் திருத்துவதிலேயே நேரம் போகும், கடைசியில் பாடப்புத்தக வாக்கியம் ஒன்று வந்து உட்காரும். எழுத வராதவர் பேசட்டும். பேசியதை எழுதியே ஆக வேண்டும் என்றுகூட இல்லை.

தயவுசெய்து இதற்கு ஒரு படிவம் அச்சடித்துவிடாதீர்கள். நம் மாணவிகளின் ரெக்கார்டு நோட்டுகள் என்ன ஆயின என்று பாருங்கள். வண்ண ஸ்கெட்ச் பேனாவில் ஓரம் கட்டி, சீனியரின் நோட்டைப் பார்த்து வரிக்கு வரி எழுதி, கையெழுத்து வாங்கி, தேர்வு முடிந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. ஆறு கட்டம் போட்ட படிவம் வந்தால், நிரப்பிய மாதிரிப் படிவம் ஒரே வாரத்தில் எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றும். வந்தவர் பெயர், நேரம், நடத்தியவர் கையெழுத்து, இந்த மூன்று மட்டும் உங்களுக்குப் போதும்.

1926-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த குழுமம் உங்களுடையது. 2023-ல் வந்த தேசிய செவிலியர் மற்றும் மருத்துவச்சி ஆணையச் சட்டம் மாநிலங்களுக்கும் ஆணையங்களை வகுத்திருக்கிறது. பெயர்ப்பலகை, முத்திரை, இணையதளம் எல்லாம் மாறும் வேளையில் விதிகளையும் திருத்தித்தான் எழுதப்போகிறார்கள். ஐந்தாண்டுக்குக் குறைந்தது 30 மணி நேரம் மீள்நோக்குக்கு என்ற ஒரு வரியை அப்போது சேர்ப்பது, பிறகு தனியாக ஆணை வாங்குவதைவிட எளிது. அதற்கு முன்னோட்டமாக ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனை, ஒரு வட்டாரத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஆகியவற்றில் ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். எத்தனை பேர் தாமாக வந்தார்கள், நிர்வாகத்துக்குப் போன குறைகளில் எத்தனை சரியாயின, ஒரு மெமோவாவது அந்த அறையிலிருந்து பிறந்ததா என்பதை மட்டும் எண்ணுங்கள். மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் திட்டத்தை அன்றே நிறுத்திவிடலாம்.

உங்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் பொருளாக வைத்தால் நேரில் வந்து விளக்கவும், முதல் அமர்வுகளை ஊதியம் இல்லாமல் நடத்தித் தரவும் என்னைப் போல் ஓய்வுபெற்ற சிலர் தயாராக இருக்கிறோம். பஸ் டிக்கெட்டை நாங்களே எடுத்துக்கொள்கிறோம். பொன்னாடை வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர் ஒருவர்